நாளுக்கு ஒரு வரிசை, வெப்பத்திற்கு ஒரு நிறம்

ஓர் ஊரில் ஒவ்வொரு நாளும் பதிவாகும் அதிகபட்ச வெப்பநிலையை எடுத்துக்கொண்டு, அந்த வெப்பநிலைக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட நிறத்தில் கம்பளி நூலைத் தேர்ந்து, நாளுக்கு ஒரு வரிசை வீதம் பின்னிக்கொண்டே போனால், ஆண்டு முடியும்போது 365 வரிசைகள் கொண்ட ஒரு போர்வை கிடைக்கும். நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பை எட்டி, மீண்டும் நீலத்திற்கே இறங்கிவரும் இந்த வெப்பநிலைப் போர்வைகளைப் பின்னும் வழக்கம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக வேரூன்றியிருக்கிறது. ஓய்வு நேரக் கைவினையாகத் தொடங்கிய இவ்வழக்கம், காலநிலை அறிவியலின் மிகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றிற்கு மூலமாகவும் அமைந்தது. அறிவியலின் கண்கொண்டு பார்த்தால் இப்போர்வை ஒரு வரைபடமே: அதன் நீளம் காலத்தையும் நிறம் அளவையும் குறிக்கின்றன. எந்த எண்ணை எடுப்பது, அதை எத்தனை நிறங்களாகப் பிரிப்பது, எதனோடு ஒப்பிட்டு நிறம் தருவது என்று பின்னுபவர் செய்யும் ஒவ்வொரு தேர்வும் ஆய்வாளர் ஒருவர் தம் தரவைப் படமாக்கும்போது செய்யும் தேர்வுதான். அத்தேர்வுகளைப் பொறுத்து ஒரே வெப்பநிலைப் பதிவு ஓர் உண்மையைத் துலக்கமாகக் காட்டவும் மற்றோர் உண்மையை அடியோடு மறைக்கவும் கூடும் என்பதால், இக்கைவினையின் இயக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

குரோஷே என்பது நுனியில் சிறு கொக்கி கொண்ட ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணியாக இழுத்து, ஒரு கண்ணிக்குள் மற்றொன்றைக் கோத்துச் செய்யும் பின்னல். இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும் முறையில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியின்மேல் திறந்தபடியே காத்திருக்கும். குரோஷேயிலோ எந்த நேரத்திலும் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். எனவே ஒரு நாளுக்குரிய வரிசை முடிந்தவுடன் அது தானாகவே மூடி நிலைபெற்றுவிடுகிறது. வேலையை அப்படியே மடித்து வைத்துவிட்டு மறுநாளோ மறுவாரமோ தொடரலாம். நாள்தோறும் சிறிதளவே வளர்ந்து ஓராண்டுக்கு நீளும் ஒரு பணிக்கு இப்பின்னல் முறை பொருந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நடுத்தரக் கனமுள்ள நூலில் ஒற்றைப் பின்னலாகப் போடும் ஒரு வரிசை ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் உயரம் வரும் என்று கொண்டால், 365 வரிசைகளுக்குப் போர்வை 1.8 மீட்டரைத் தொடும். உயரமான இரட்டைப் பின்னலைத் தேர்ந்தவரின் போர்வை நான்கு மீட்டரைத் தாண்டிவிடும். பின்னலின் வகை படத்தின் கூர்மையையும் பாதிக்கிறது. ஒரு கண்ணி விட்டு ஒரு கண்ணி பின்னும் முறையில் புதிய வரிசையின் நூல் முந்தைய வரிசையின் இடைவெளிக்குள் இறங்குவதால், அடுத்தடுத்த இரு நாள்களின் நிறங்கள் எல்லையில் ஒன்றோடொன்று கலந்து தெரியும். நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு நூல்முனைகள் மிஞ்சும் என்பதையும், அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னலுக்குள் செருகி மறைக்க வேண்டும் என்பதையும் கருதினால், வானிலை நாளுக்கு நாள் தாவும் ஊர்களில் இப்பணிக்கு எவ்வளவு பொறுமை தேவை என்பது விளங்கும்.

முதல் தேர்வு எண்ணைப் பற்றியது. நாளின் அதிகபட்ச வெப்பநிலை என்பது எளிய ஓர் எண்ணாகத் தோன்றினாலும், அதை எங்கு, எப்படி, எந்நேரத்தில் அளப்பது என்பதை ஒழுங்குபடுத்த வானிலையியலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. வெயிலில் வைத்த வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாமல், சூரியக் கதிர் பட்டுத் தானே சூடேறிய அளவையே காட்டும். கலங்கரை விளக்கங்களைக் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன், வெண்ணிறம் பூசிய, பக்கங்களில் சாய்ந்த இரட்டைச் சட்டங்கள் கொண்ட மரப்பெட்டி ஒன்றை 1864இல் விவரித்தார். 'புதையல் தீவு' நாவலை எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை இவர். காற்று தடையின்றிப் புகுந்து வெளியேறவும், கதிரும் மழையும் உள்ளே வராமலிருக்கவும் அமைந்த அப்பெட்டி, தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்டு, உலகெங்கும் வானிலை நிலையங்களின் அடையாளமாகவே ஆயிற்று. அதற்குள் வைக்கும் அதிகபட்ச வெப்பமானியின் பாதரசக் குழாயில், குமிழுக்குச் சற்று மேலே ஒரு குறுகல் இருக்கும். வெப்பம் ஏறும்போது பாதரசம் அதைத் தாண்டி மேலேறும், வெப்பம் இறங்கும்போது தானாகத் திரும்பாமல் நின்றுவிடும். நாளின் உச்சத்தைப் பார்வையாளர் பின்னர் வந்து படித்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவியது.

படிக்கும் நேரமும் சிறிய செய்தியன்று. அமெரிக்காவில் 1890இல் அமைக்கப்பட்ட தன்னார்வலர் வலைப்பின்னலில், பலர் மாலையில் வெப்பமானியைப் படித்து உடனே அதை மீட்டமைத்து வந்தனர். கடும் வெயிலடித்த ஒரு நாளில் மாலை ஐந்து மணிக்கு மீட்டமைத்தால், அந்நேரத்தில் எஞ்சியிருந்த வெப்பமே அடுத்த 24 மணி நேரத்திற்கும் அதிகபட்சமாக நின்றுவிட வாய்ப்புண்டு. மறுநாள் குளிர்ந்திருந்தாலும் பதிவேட்டில் அது வெம்மையான நாளாகவே ஏறும். பின்னாளில் படிக்கும் நேரம் காலைக்கு மாறியபோது இந்த இரட்டைக் கணக்கு மறைந்தது. அதனால் நாடு குளிர்ந்துவருவது போன்ற பொய்த்தோற்றம் பதிவுகளில் உருவாயிற்று. ஆய்வாளர்கள் அதைக் கண்டறிந்து திருத்தக் கணக்குகளை வகுத்தனர். போர்வை பின்னுபவரும் இதே சிக்கலைத் தம் அளவில் எதிர்கொள்கிறார். கைபேசிச் செயலி காட்டும் எண் பெரும்பாலும் கணினி மாதிரியின் கணிப்பாகவோ, சுற்றுவட்டார நிலையங்களின் எண்களை இடைக்கணித்துப் பெற்ற மதிப்பாகவோ இருக்கும். அருகிலுள்ள விமான நிலையத்தின் பதிவு உண்மையான அளவீடு, ஆனால் வீட்டு முற்றத்தின் வெப்பத்தை அது காட்டாது. எதை எடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதையே எடுக்க வேண்டும். பாதி ஆண்டில் மூலத்தை மாற்றியவரின் போர்வையில், வானிலையில் இல்லாத ஒரு மாற்றம் நிறத்தில் வந்து உட்கார்ந்துவிடும்.

அடுத்த தேர்வு எல்லாவற்றினும் முக்கியமானது. வெப்பநிலை தொடர்ச்சியாக மாறும் அளவு. நூலின் நிறங்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எனவே வெப்பநிலையின் வீச்சைப் பிரிவுகளாக வெட்டி, பிரிவுக்கு ஒரு நிறம் தரவேண்டியிருக்கிறது. புள்ளியியலில் இதைப் பிரிவு இடைவெளி என்பர். இடைவெளி அகலமானால் பல நாள்கள் ஒரே நிறத்தில் கரைந்து போர்வை ஊமையாகிவிடும்; குறுகினால் நிறங்கள் பெருகி, அண்டை நிறங்களைக் கண்ணால் பிரித்தறிய இயலாமற் போகும். இடைவெளிகள் எல்லாம் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒருவர் 2018 முழுவதும் தம் ரயில் பயணத் தாமதங்களைக் கழுத்துத் துண்டாகப் பின்னியபோது, ஐந்து நிமிடத்திற்கு உட்பட்ட தாமதத்திற்குச் சாம்பல் நிறமும், அரை மணி வரையிலான தாமதத்திற்கு இளஞ்சிவப்பும், அதற்கு மேற்பட்டதற்குச் சிவப்பும் தந்தார். பயணிக்கு எது பொறுக்கத்தக்கது, எது பொறுக்க இயலாதது என்ற மதிப்பீடே அங்கு எல்லைகளை வகுத்தது. வெப்பநிலையில் அத்தகைய மதிப்பீட்டைத் தவிர்த்துச் சம இடைவெளிகளைக் கொள்வதே நேர்மையானது. இல்லாவிட்டால் பின்னுபவர் அச்சப்படும் வெப்பத்திற்கு அதிக நிறங்களும் அலட்சியப்படுத்தும் வெப்பத்திற்குக் குறைந்த நிறங்களும் வாய்த்து, படம் அவருடைய மனநிலையின் பதிவாகத் திரிந்துவிடும்.

பிரிவுகளாக வெட்டியதால் கிடைக்கும் ஒரு நற்பயன் பலரின் கவனத்திற்கு வருவதில்லை. எல்லா வரிசைகளும் ஒரே நீளமுடையவை என்பதால் ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ ஒரே அளவு நூலை உண்கிறது. ஆகவே ஆண்டின் முடிவில் எந்த நிறத்தில் எத்தனை கிராம் நூல் செலவாயிற்று என்று நிறுத்துப் பார்த்தால், அந்த வெப்பநிலைப் பிரிவில் எத்தனை நாள்கள் விழுந்தன என்பது தராசிலேயே தெரிந்துவிடும். பள்ளிப் பாடநூல்களில் நிகழ்வெண் பரவல் என்றும், கட்டங்களாக வரையும்போது நிகழ்வுச் செவ்வகம் என்றும் சொல்லப்படுவது இதுதான். வெப்பமயமாதல் இப்பரவலில் எங்கு முதலில் வெளிப்படும் என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். வெப்பநிலை மதிப்புகள் சராசரியின் இருபுறமும் மணிவடிவில் சிதறிக் கிடக்கும் இயல்நிலைப் பரவலைக் கொண்டிருக்கின்றன என்றும், சிதறலின் அளவான திட்ட விலக்கத்தைப்போல் இருமடங்குக்கு மேல் சராசரியைத் தாண்டும் நாள்களுக்கு அடர் சிவப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம். அத்தகைய நாள்கள் நூற்றுக்கு 2.3, அதாவது ஆண்டுக்கு எட்டு. சராசரி அரைத் திட்ட விலக்க அளவு உயர்ந்தால் அவை நூற்றுக்கு 6.7 ஆகி ஆண்டுக்கு 24 நாள்களாகும். முழுத் திட்ட விலக்க அளவு உயர்ந்தாலோ 58ஐத் தொடும். நடுப்பகுதியின் நிறங்களின் செலவு அந்த அளவுக்கு மாறாதிருக்க, விளிம்பிலுள்ள ஒரு நிறம் மட்டும் மூன்று மடங்கு, ஏழு மடங்கு என்று பெருகுகிறது. சராசரியில் ஏற்படும் சிறு உயர்வு உச்சங்களில் ஏன் அவ்வளவு பெரிதாக உணரப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை அரிது.

நிறத்தைத் தேர்வதிலும் அறிவியல் உண்டு. வானவில்லின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்வது பெரும்பாலோரின் முதல் எண்ணமாக இருக்கிறது. ஆனால் மனிதக் கண் நிற வேறுபாட்டைவிட ஒளிர்வின் வேறுபாட்டைக் கூர்மையாக உணர்கிறது. வானவில்லில் மிகுந்த ஒளிர்வுடையது நடுவிலுள்ள மஞ்சள். அதனால் மிதமான வெப்பமுள்ள நாள்களே கண்ணைப் பறிக்க, உண்மையில் கவனத்திற்குரிய உச்சங்கள் மங்கிப் பின்வாங்கிவிடும். பச்சையின் பல சாயல்களோ ஒன்றாகவே தோன்றும். வட ஐரோப்பிய மரபினரில் நூறு ஆண்களுள் ஏறத்தாழ எட்டுப் பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு இருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வரைபடங்களுக்கு ஏற்ற நிறவரிசைகளை ஆராய்ந்த அமெரிக்கப் புவியியலாளர் சிந்தியா புரூவர், வெளிரில் தொடங்கி அடர்த்தியில் முடியும் ஒருதிசை வரிசைகளையும், நடுவில் வெளிரி இருபுறமும் இருவேறு நிறங்களில் அடர்ந்துசெல்லும் இருதிசை வரிசைகளையும் வகுத்துத் தந்தார். முன்னது அளவின் ஏற்றத்தைக் காட்டவும், பின்னது ஒரு நடுநிலையிலிருந்து விலகியதைக் காட்டவும் உரியது. கணினித் திரையில் இவை எண்களாகக் கிடைக்கின்றன. நூல் கடையில் நிலைமை வேறு. ஒரே நிறப்பெயரில் விற்கும் நூலும் சாயமேற்றிய தொகுதிக்குத் தொகுதி சற்று வேறுபடும். ஜனவரியில் வாங்கிய நீலம் தீர்ந்து நவம்பரில் வேறு தொகுதி எண்ணில் வாங்கினால், ஒரே வெப்பநிலை இரு நிறங்களில் பதிவாகும்.

முடிந்த போர்வை ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுவது நிறங்கள் திட்டுத்திட்டாகத் திரண்டிருப்பது. இன்றைய வெப்பநிலை நேற்றையதை ஒட்டியே அமையும். உயரழுத்த மண்டலம் ஒன்று ஒரு பகுதியின்மேல் நிலைகொண்டால் ஐந்தாறு நாள்கள் ஒரே வகை வானிலை நீடிக்கும். அதே 365 வரிசைகளைக் குலுக்கிப்போட்டுப் பின்னியிருந்தால் புள்ளி தெளித்தாற்போன்ற துணிதான் கிடைத்திருக்கும். அடுத்து, சூரியன் வடகோடியில் நிற்கும் ஜூன் 21ஐ ஒட்டிய வரிசைகளில் உச்ச நிறம் வருவதில்லை. இங்கிலாந்துப் போர்வைகளில் வெம்மையான பட்டை ஜூலையின் பிற்பகுதியில்தான் அகன்று நிற்கும். நிலமும் கடலும் பெற்ற வெப்பத்தைச் சேமித்துச் சூடேற வாரங்கள் பிடிக்கும் என்பதே இத்தாமதத்தின் காரணம். கடலுக்கு அருகிலுள்ள ஊர்களின் போர்வைகளில் சில நிறங்களே திரும்பத் திரும்ப வர, கண்டத்தின் நடுவிலுள்ள ஊர்களின் போர்வைகள் அடர் நீலத்திலிருந்து அடர் சிவப்பு வரை எல்லா நூலையும் கேட்கும். நீரின் வெப்ப ஏற்புத்திறன் மண்ணைவிடப் பன்மடங்கு அதிகம் என்ற இயற்பியல் உண்மை இங்கு நூற்கண்டுகளின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது.

ஊர்களை இவ்வாறு ஒப்பிட வேண்டுமானால் எல்லோரும் ஒரே நிறவரிசையைப் பின்பற்றியாக வேண்டும். அமெரிக்க அரசிடமுள்ள காலநிலைத் தரவுகள் அழிக்கப்படலாம் என்ற அச்சம் அறிவியலாளரிடையே பரவியிருந்த 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸ் என்ற கடலோர ஊரில் எமிலி மெக்நீல், மரிஸ்ஸா கானலி, ஜஸ்டின் கானலி ஆகிய மூவர் தொடங்கிய 'டெம்பெஸ்ட்ரி' திட்டம் இதைச் செய்தது. ஓர் ஊரின் ஓராண்டை ஒரு நீண்ட பதாகையாகப் பின்னும் இத்திட்டத்தில், ஐந்து ஃபாரன்ஹீட் டிகிரிக்கு, அதாவது ஏறத்தாழ 2.8 டிகிரி செல்சியஸுக்கு ஒரு நிறம் என்ற வரிசை எல்லோருக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. அதனால் அலாஸ்காவில் பின்னியதையும் பாலைவன ஊரொன்றில் பின்னியதையும் பக்கத்தில் தொங்கவிட்டு நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது. ஸ்டீவன்சனின் பெட்டி அளவீட்டிற்குச் செய்த பணியை இந்தப் பொதுவரிசை பின்னலுக்குச் செய்தது என்றே சொல்லலாம்.

ஆயினும் இந்த வரிசைக்கு ஒரு விலை உண்டு. ஓர் ஊரின் வெப்பநிலை அரை நூற்றாண்டில் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிட்டது என்று கொண்டால், 2.8 டிகிரி அகலமுள்ள பிரிவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 நாள்கள் மட்டுமே எல்லையைத் தாண்டி அடுத்த நிறத்திற்குப் போகும். மற்ற நாள்களும் அதே அளவு வெம்மையடைந்திருந்தாலும் பழைய நிறத்திலேயே நிற்கும். ஆண்டுக்கு 130 வரிசைகள் ஒரு சாயல் மாறுவது சிறிதன்று என்று தோன்றலாம். ஆனால் ஒரே மாதத்திற்குள் வெப்பநிலை நாளுக்கு நாள் பல டிகிரி ஏறி இறங்குவதாலும், கோடைக்கும் குளிர்காலத்திற்கும் இடையே பல நிறங்கள் மாறுவதாலும், அந்த இரைச்சலுக்குள் இம்மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் அமிழ்ந்துவிடுகிறது. நாள்வாரிப் போர்வை வானிலையையும் பருவத்தையும் காட்டுகிறது. பல பத்தாண்டுகளின் சராசரிப் போக்கான காலநிலையைக் காட்ட அதனால் இயலாது.

அதைக் காட்டப் பருவத்தையே கணக்கிலிருந்து நீக்க வேண்டும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கழிமுக ஆய்வாளர் ஜோன் ஷெல்டன் 2015இல் நானூறு ஆண்டுகளை நானூறு வரிசைகளாக்கி, நீலம், ஊதா, சிவப்பு ஆகிய நிறங்களில் ஒரு கழுத்துத் துண்டைச் செய்தார். ரெடிங் பல்கலைக்கழகத்தின் காலநிலை அறிவியலாளர் எல்லி ஹைவுட் 2017இல் குழந்தைக்கான அளவில் குரோஷே போர்வை ஒன்றைப் பின்னினார். 1916 முதல் 2016 வரையிலான ஒவ்வோர் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலையும் இருபதாம் நூற்றாண்டின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதை எடுத்து, 0.1 டிகிரிக்கு ஒரு நிறமாகப் பதினைந்து நிறங்களை அவர் வகுத்தார். இடைவெளி 2.8 டிகிரியிலிருந்து 0.1 டிகிரிக்குச் சுருங்கியதைக் கவனிக்க வேண்டும். ஆண்டு முழுவதையும் உலகம் முழுவதையும் சேர்த்துச் சராசரி காணும்போது நாள்களின் ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, இரைச்சல் அடங்கி நுண்ணிய மாற்றமும் தெரியத் தொடங்குகிறது.

விலகலை எடுத்ததற்கும் வலுவான காரணம் உண்டு. மலையுச்சியிலுள்ள நிலையமும் பள்ளத்தாக்கிலுள்ள நிலையமும் காட்டும் வெப்பநிலைகள் வெகுவாக வேறுபடும். ஆனால் ஒன்றில் வழக்கத்தைவிட வெம்மையான ஆண்டு மற்றதிலும் அவ்வாறே இருக்கும். நடு, உயர் அட்சரேகைகளில் இந்த ஒற்றுமை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவு வரை நீடிப்பதை ஜேம்ஸ் ஹேன்சனும் செர்கேய் லெபடெஃபும் 1987இல் எடுத்துக்காட்டினர். நிலையங்கள் அருகியுள்ள பகுதிகளையும் உட்படுத்தி உலகச் சராசரியைக் கணக்கிட முடிவது விலகல்களைப் பயன்படுத்துவதால்தான். இவ்வாறு வடிகட்டிய தரவில் தனி ஆண்டுகள் தம் வரலாற்றைச் சொல்கின்றன: பசிபிக் கடல் வெம்மையுறும் எல் நினோவால் சூடேறிய 1998, பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்துக் கந்தகத் துகள்களை மேல்வளிமண்டலத்தில் பரப்பிச் சூரிய ஒளியைத் தடுத்ததால் சற்றுக் குளிர்ந்த 1992, மீண்டும் எல் நினோவோடு வந்து அதுவரையிலான உச்சத்தைத் தொட்ட 2016.

ஹைவுட்டின் போர்வையைக் கண்ட அவருடைய சக ஆய்வாளர் எட் ஹாக்கின்ஸ், 2018 மே மாதத்தில் அதன் கருத்தைக் கணினிப் படமாக மாற்றி வெளியிட்டார். எட்டு நீலங்களும் எட்டுச் சிவப்புகளும் கொண்ட, சிந்தியா புரூவரின் தொகுப்பிலிருந்து எடுத்த நிறவரிசையில், ஆண்டுக்கு ஒரு செங்குத்துக் கோடாக அமைந்த அப்படத்தில் அச்சுகளோ எண்களோ எழுத்துகளோ இல்லை. காலநிலைப் பட்டைகள் என்று உலகெங்கும் அறியப்பட்ட இப்படம் இதழட்டைகளிலும் சட்டைகளிலும் ரெடிங் கால்பந்து அணியின் சீருடையின் கைகளிலும் இடம்பெற்றது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருத்து எளிமைப்படுத்தப்பட்டு மக்களிடம் செல்வதே வழக்கம். இங்கு குரோஷே ஊசியில் உருப்பெற்ற ஒரு படமொழி ஆய்வாளரின் கைக்குச் சென்று சேர்ந்தது. கைவினையை அறிவியலின் அலங்காரமாக மட்டும் கருதும் பழக்கத்தை இந்த வரலாறு திருத்துகிறது. பின்னுபவர்கள் இதற்காகப் பெற வேண்டிய மதிப்பை இன்னும் முழுமையாகப் பெற்றுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

பட்டைகளின் நிறவரிசைக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் நாட்டுக்கும் தனித்தனியே பட்டைகள் வரையும்போது அதனதன் சொந்த வீச்சே நீலத்திலிருந்து சிவப்பு வரை நீட்டப்படுவதால், இரண்டு இடங்களின் அடர் சிவப்பு ஒரே வெப்பத்தைக் குறிக்காது. பொதுவரிசையில் இடங்கள் தெரிகின்றன, மாற்றம் மறைகிறது. சொந்த வரிசையில் மாற்றம் தெரிகிறது, இடம் மறைகிறது. இரண்டையும் ஒருசேரக் காட்டும் ஒற்றை நிறவரிசை இல்லை. டெம்பெஸ்ட்ரி திட்டத்தாரும் பின்னர் ஆண்டுச் சராசரியின் விலகல்களைப் பின்னும் இரண்டாம் வகைப் பதாகையைத் தங்கள் திட்டத்தில் சேர்த்தது இந்த இயலாமையை உணர்ந்ததால் விளைந்த சரியான முடிவாகவே தோன்றுகிறது.

வெப்பமண்டல ஊர்களில் இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும். கொழும்பில் பகல்நேர உச்சம் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பதால், டெம்பெஸ்ட்ரியின் பொதுவரிசையில் அந்நகரத்தின் ஓராண்டு இரண்டு மூன்று நிறங்களில் முடிந்துவிடும். பார்வைக்கு அது எதுவும் நிகழாத ஆண்டு. ஆனால் இயல்பான ஏற்றத்தாழ்வு குறைவாக இருப்பதனாலேயே, சிறிய வெப்ப உயர்வும் அந்த இயல்பின் எல்லையை விரைவில் தாண்டிவிடுகிறது. வெப்பமயமாதலின் அறிகுறி இரைச்சலுக்கு மேலே எழும் காலத்தைக் கணக்கிட்ட ஆய்வுகள், வெப்பம் அதிகமாக உயரும் வட துருவப் பகுதிகளைவிட, குறைவாக உயரும் வெப்பமண்டலத்தில் அது முன்னதாகவே புலப்படும் என்று கண்டன. ஹாக்கின்ஸும் ரோவன் சட்டனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் ஒன்று. நாள்வாரிப் போர்வையில் மிகச் சலிப்பாகத் தெரியும் நிலம், ஆண்டுவாரிப் போர்வையில் மிகத் தெளிவாகப் பேசக்கூடும்.

எண்கள் எல்லாம் கணினியில் இருக்கும்போது நூலில் எழுதுவதற்குத் தேவை என்ன என்ற வினா எழலாம். மனித நினைவு வானிலையை நெடுநாள் வைத்திருப்பதில்லை. அமெரிக்காவில் சமூக ஊடகப் பதிவுகளை ஆராய்ந்து ஃபிரான்செஸ் மூர் தலைமையிலான குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, இயல்பான வெப்பநிலை எது என்று மக்கள் கருதுவது ஏறக்குறைய கடந்த இரண்டு முதல் எட்டு ஆண்டுகளுக்குள் அவர்கள் பட்டறிந்த வானிலையையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது என்று கண்டது. அதாவது வெப்பம் மெல்ல ஏறும்போது இயல்பு என்ற எண்ணமும் கூடவே ஏறிவிடுவதால், ஏற்றம் உணரப்படுவதில்லை. 1950ஆம் ஆண்டின் பதிவிலிருந்து பின்னிய போர்வை அவ்வாறு நகராது. இன்றைய ஆண்டின் போர்வையை அதன் அருகில் விரித்து, நிறவாரியாக வரிசைகளை எண்ணிப் பார்த்தால், நினைவு விட்டுவிட்டதைத் துணி விடாமல் வைத்திருப்பது தெரியும். ஒரு நாளின் எண்ணை அறிந்து, அதற்குரிய நிறத்தை எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளை அந்நிறத்தில் போடும் நேரத்தில், அந்த எண் பின்னுபவரின் கவனத்தில் தங்குகிறது என்பதும் சிறிய பயனன்று.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது; அதை இக்கைவினையின் அடிப்படைச் சிக்கல் என்றே சொல்லலாம். நிறவரிசையை ஆண்டின் தொடக்கத்தில், கடந்தகாலப் பதிவுகளைப் பார்த்து வகுக்க வேண்டியிருக்கிறது. பலர் மேல் எல்லையில் '35 டிகிரியும் அதற்கு மேலும்' என்று திறந்த பிரிவு ஒன்றை வைத்துவிடுகின்றனர். திறந்த பிரிவு, எவ்வளவு பெரிய உச்சத்தையும் ஒரே நிறத்தில் விழுங்கிவிடும். இங்கிலாந்தில் 2019 ஜூலை 25 அன்று கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் பதிவான 38.7 டிகிரி அந்நாட்டின் உச்சமாக இருந்தது. மூன்றே ஆண்டுகளில், 2022 ஜூலை 19 அன்று, லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவாகி, 40 டிகிரி என்ற எல்லை அந்நாட்டில் முதன்முறையாகக் கடக்கப்பட்டது. 35 டிகிரியோடு நிறங்களை முடித்துக்கொண்ட போர்வையில் இவ்விரண்டு நாள்களும் சாதாரணக் கோடை உச்சம் ஒன்றும் ஒரே சிவப்பாகவே நிற்கும். பதிவான உச்சத்திற்கு மேலேயும் இரண்டு மூன்று பிரிவுகளைச் சம இடைவெளியில் வகுத்து, அவற்றுக்குரிய நூலின் தொகுதி எண்ணைக் குறித்துவைத்து, பயன்படாவிட்டாலும் அந்நிறங்களைப் போர்வையின் ஓரத்தில் தைக்கும் விளக்கப் பட்டையில் நிலையத்தின் பெயரோடும் ஆண்டோடும் சேர்த்துப் பின்னிவைப்பதே இதற்கு ஏற்ற முறை.